அரை அங்குல மழை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப் போகட்டும், ஐயா. வேதப்புத்தகத்தின் மேல் வைத்த கையை நான் இன்னும் எடுக்கவில்லை. உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாக இருக்கிறது.

குன்றை வெட்டி நாற்பது வீடு கட்டுகிறார்களே, அங்கே மழை அளப்பது என் வேலை. எங்கள் மாவட்டத்து விதி ரொம்ப எளிது. ஒரே நாளில் அரை அங்குலத்துக்கு மேல் பெய்தால், மறுநாளுக்குள் நான் குன்றைச் சுற்றி நடக்க வேண்டும். சரிவில் கட்டிய தடுப்புத் துணிக்குப் பின்னால் சேர்ந்த சேற்றை வாரச் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் சேறு தேங்கும் குட்டையின் கரை விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை புல்டோசர்கள் நிற்கும். அரை அங்குலத்துக்குக் கீழே என்றால் நோட்டில் எழுதிவிட்டு, சோள ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுச் சாப்பிடப் போகலாம்.

என் முழங்காலுக்கு எழுபத்து மூன்று வயது. மற்றபடி நான் இளைஞன்தான்.

இரண்டு வருடமாக ஒரு நாள்கூட மழை அரை அங்குலத்தைத் தொடவில்லை. மழை அளக்கும் கண்ணாடிக் குழாய் காட்டியதை எழுதினேன். ஒரு கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை. போன மார்ச்சில் அடிவாரத்து ஓடை செம்மண் குழம்பாகி, கெளுத்தி மீன் ஒன்று வழி தெரியாமல் டெல்பர்ட் வீட்டுத் தபால் பெட்டி வரை நடந்து போய்விட்டது. அன்றைக்கும் அங்குலத்தில் பத்தில் இரண்டு பங்குதான்.

டெல்பர்ட் அந்தக் குட்டைக்குக் கீழே குடியிருந்தவன். ஐம்பது வருடமாக நாங்கள் தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அடிக்குரல் பாடினோம். அவன்தான் போனில் கூப்பிட்டான்.

"வெர்ன், ஓடைத் தண்ணி காபி மாதிரி வருதுடா. பாலு ஊத்துனா குடிச்சிடலாம்."

"சர்க்கரையும் போட்டுக்கோ."

"சிரிக்காத. முத்தத்துல வெச்ச வாளி ரொம்பி வழியுது. நீ என்னடான்னா பத்துல ரெண்டுங்கற."

"உன்ன மாதிரிதான் உன் வாளியும். ரெண்டு சொட்டு உள்ள போனதும் தள்ளாடும். அளக்கறதுக்குன்னு செஞ்ச கண்ணாடி தள்ளாடாது."

அவன் சிரித்தான். என் பேச்சுக்குச் சிரிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

ஏப்ரலில் மூன்று நாள் விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் கூப்பிட்டான்.

"மக வீட்டுக்கு வரச் சொல்லி அடம் புடிக்கிறா. அந்தக் கரையப் பாத்தா எனக்கும் போயிடலாம்னு தோணுது. நீ அளக்கறவன், நீ சொல்லு. போகட்டுமா, இருக்கட்டுமா?"

"இரு, பாத்துட்டு வர்றேன்" என்றேன். செருப்புகூட நனையாமல் பார்த்துவிட்டு வந்தேன். "பத்துல நாலு. சும்மா கெட."

"அப்ப சரி. நீ சொன்னா சரிதான். அவ பூனைக்கும் எனக்கும் ஒத்துக்காதுடா."

மத்தியானத்துக்கு முன் கரை உடைந்தது. மறுநாள் அவன் வீட்டை மூடிய சேற்றைத் தோண்டியபோது நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். மகள் வருவதற்குள் முகத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று, என் கைக்குட்டையால் துடைத்தேன். செம்மண் சுலபத்தில் போகாது, ஐயா. காது மடிப்பில் கொஞ்சம் நின்றுவிட்டது. அதோடுதான் புதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தனியாக நின்று பாடினேன். என் சுருதி எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பது வருடம் அவன் அதை மூடி மறைத்திருக்கிறான். இன்னமும் போன் அடித்தால், வாளியைப் பற்றி என்ன சொல்லி அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டேதான் எடுக்கிறேன்.

விதியை நான் மீறவில்லை. நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கண்ணாடியில் இருந்ததை எழுதினேன். அதையே அவனிடமும் சொன்னேன்.

அந்தக் கண்ணாடிக் குழாய், இரண்டு வருடமாக, என் வீட்டு வராந்தாவில் கூரைக்கு அடியில் மாட்டியிருக்கிறது.