ஜெல்மீராவின் கைக்கண்ணாடி

மாலையை மாண்புறச் செய்து மேடையின் நடுவே வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, மை காயாத விரல்களோடு வந்திருக்கும் மூத்தோர்களே, நாங்கள் வரைந்த ஓநாயைக் காட்டிக் காட்டியே பிள்ளைகளுக்குச் சூப் ஊட்டி முடித்த தாய்மார்களே, டான்யூப் காற்று தொப்பிகளைப் பறித்தும் தலைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பிராத்திஸ்லாவா நகரத்துப் பெருமக்களே, இவர்கள் எல்லாருக்கும் மேலாக, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு, 'இவள் எப்போது முடிப்பாள்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எழுபது வயது விழா நாயகி, என் ஆருயிர்த் தோழி ஜெல்மீரா அவர்களே, உங்கள் அனைவரையும் ஒட்டீலியாவாகிய நான் வணங்குகிறேன். முட்டைக்கோஸும் முள்ளங்கியும் வரைந்து வரைந்து முதுகு வளைந்தவள் நான். உங்கள் சமையலறை நாள்காட்டியில் பளபளக்கும் தக்காளி என் தக்காளி.

உங்களை ஒன்று கேட்கிறேன். எழுத்தறியாத வயதில் உங்களுக்கு முதல் கதையைச் சொன்னது யார்? எழுத்தா? எறும்பு ஊர்வதுபோல் கிடந்த அந்த வரிகளா? படமல்லவா சொன்னது? பயத்தைச் சொன்னது படம், பாசத்தைச் சொன்னது படம், பாட்டில் போர்வைக்குள் புகுந்துகொள்ளச் சொன்னதும் படம். மன்னிக்கவும், பாட்டில் அல்ல, பாதியில் போர்வைக்குள். சிரியுங்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது. மேடை ஏறுமுன்பே தலைவர் எனக்கு ஒரு கோப்பை பிளம் சாராயம் கொடுத்துவிட்டார்.

எழுத்தாளர் எழுதுகிறார்: "நூறு குதிரைவீரர்கள் வந்தார்கள்." மூன்றே சொற்கள். எழுதிவிட்டுப் பீர் குடிக்கப் போய்விடுகிறார். நானூறு கால்களை வரைவது யார்? என்ன ஐயா, வாலா? ஆமாம், நூறு வாலும் நாங்கள்தான். அதனால்தான் எங்கள் படங்களில் குதிரைகள் எப்போதும் உயரமான புல்லில் ஓடுகின்றன.

இனி ஜெல்மீராவின் கதைக்கு வருகிறேன். ஆண்டு 1961. எங்கள் சிறுவர் வார இதழின் பெயர் 'சீழ்க்கை'. அதில் ஒரு தொடர்கதை. வாக் நதியில் மரத்தெப்பம் ஓட்டும் மாதுஷ்தான் நாயகன். மூன்றாம் வாரத்திலேயே அவனுக்கு இடது கை போய்விட்டது. மிச்சமிருந்த வலது கையால் அவன் நாட்டையே ஆட்டிவைத்தான். எழுதியவர் பிஸ்திரிக் கோரால். படம் எங்கள் ஜெல்மீரா. கோராலுக்குப் படம் என்றாலே இளக்காரம். "எழுத்துதாம்மா கறி. படம் ஓரத்துல வைக்கிற முட்டைக்கோஸு," என்பார். முட்டைக்கோஸ் வரைந்துகொண்டிருந்த என் காதில் விழும்படியே சொல்வார்.

ஜெல்மீரா லினோலியப் பலகையில் செதுக்குவாள். செதுக்கியதில் மை பூசி அச்சிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாய், இல்லை, பக்கம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதற்காக அவள் மேஜையில் ஒரு தகரச் சட்டம் போட்ட கைக்கண்ணாடி இருக்கும். பலகையைக் கண்ணாடிக்குக் காட்டினால், நாளை அச்சில் வரப்போவது இன்றே தெரியும். அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு பலகையும் அவள் கையைவிட்டுப் போனதில்லை.

ஒரு வியாழக்கிழமை அப்படியும் ஒரு பலகை போனது. கண்ணாடி மேஜையில் இல்லை. அச்சகத்து வண்டி வாசலில் நின்று ஒலியெழுப்பியது. அவசரத்தில் நேராகவே செதுக்கிவிட்டாள், கொடுத்துவிட்டாள். இதழ் வந்தது. மாதுஷுக்குப் போன இடது கை திரும்ப வந்திருந்தது, இருந்த வலது கையைக் காணவில்லை.

மூன்று மூட்டைக் கடிதங்கள் வந்தன. ஜிலினாவிலிருந்து ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "மாமாவுக்குப் புதுக் கை முளைச்சது சரி. பழைய கைய எங்க வெச்சாரு?" நாங்கள் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தோம். ஜெல்மீரா சிரிக்கவில்லை. இதழின் ஆசிரியர் அம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க பாரும்மா. கோரால் உன்னை வேலையவிட்டு எடுக்கச் சொல்றாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி சொல்லு. இல்லேன்னா உன் உளிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அவள் அழுதாளா? இல்லை. யாரையாவது கைகாட்டினாளா? இல்லை. உட்கார்ந்தாள், செதுக்கினாள். வெள்ளிக்கிழமை காலை, ஈர மை மணக்க ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கோராலின் மேஜையில் வைத்தாள். படத்தில் ஒரே தெப்பம், இரண்டு மாதுஷ். ஒருவனுக்கு இடது கை இல்லை, மற்றவனுக்கு வலது கை இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்று, ஆளுக்கொரு துடுப்பாக வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

கோரால் இரண்டாவது ஆளின் மேல் விரலை வைத்தார்.

"யாரும்மா இது இன்னொருத்தன்?"

"அண்ணன் தம்பிங்க ஐயா. ரெட்டைப் பிள்ளைங்க. சின்ன வயசுல வெள்ளத்துல பிரிஞ்சு போயிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் அடுத்த வாரம் சொல்லப் போறீங்க."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் என் தூரிகை விழுந்தது. எழுதினார் ஐயா, எழுதினார். எழுத்து முன்னே போகப் படம் பின்னே நடந்த காலம் போய், படம் முன்னே போக எழுத்து மூச்சிரைக்க ஓடி வந்தது. இதழ் சந்தைக்கு வந்த அன்றே தீர்ந்தது. தொடர் புத்தகமானபோது ஜெல்மீரா மறுபடி அவர் முன் நின்றாள்.

"அட்டையில என் பேரும் வரணும் ஐயா. உங்க பேரு பக்கத்துல, அதே அளவுல."

"உள்பக்கத்துல சின்னதாப் போட்டுக்கலாமே."

"ரெண்டு கையும் சேர்ந்தாத்தான் தெப்பம் கரை சேரும்னு நீங்கதானே எழுதினீங்க?"

அட்டையைப் பாருங்கள், அதோ சுவரில் தொங்குகிறது. இரண்டு பெயர்கள், ஒரே அளவு. அன்று திறந்த அந்தக் கதவு வழியாகத்தான் இந்த அவையிலுள்ள ஓவியர்கள் அத்தனை பேரும் அட்டைக்கு வந்தோம். என் தக்காளியும் வந்தது.

பெரியோர்களே, ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த வியாழக்கிழமை கண்ணாடி எங்கே போனது? நான் எடுத்தேன். அன்று மாலை நடனம். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஒருவர் என்னை அழைத்திருந்தார், எனக்கு உதட்டுச்சாயம் பூச வேண்டியிருந்தது. நான்காம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கும் என் கணவரே, நிமிருங்கள். என் தோழி ஆசிரியர் முன் நின்றபோது நான் வாய் திறக்கவில்லை. பயந்தேன். நாற்பத்தாறு ஆண்டுகளாக வெட்கப்படுகிறேன். இதோ அந்தக் கண்ணாடி. ஜெல்மீரா, என்னை மன்னித்துவிடு.

என்ன சொல்கிறாள்? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நானே திருப்பிச் சொல்கிறேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. கேக்காமலே ஒரு வருஷம் முழுக்க எனக்குக் காப்பி வாங்கித் தந்தியே, சும்மாவா தந்தே? கொண்டா இங்க. திங்கக்கிழமை ஒரு பலகை முடிச்சுக் குடுக்கணும்."

கேட்டீர்களா? எழுபது வயதில், விழா நாளில், திங்கட்கிழமைப் பலகை. இதற்குமேல் ஓவியர்களைப் பற்றி நான் என்ன பேச? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இடது எது, வலது எது என்று கண்ணாடி பார்க்காமலே தெரிகிற என் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவிக்கிறேன். வணக்கம்.