நம்ம கோல்கீப்பரை வித்துட்டாங்க

“நம்ம கோல்கீப்பரை வித்துட்டாங்க மாப்ள.”

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், பின் சீட்டிலிருந்து இந்தக் குரல் வந்ததும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தது. சொன்னவர் பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் காரைக்கால்காரர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. ‘நம்ம’ என்றது பிரான்சில் இருக்கும் ஒரு கால்பந்து கிளப்பை.

“வரவுக்கு மேல செலவு பண்ணுனா விக்கத்தான் வேணும் மச்சான். அதுக்குத்தான லீக்குக்காரங்க பாயிண்டையும் கழிச்சிட்டாங்க?”

இந்தச் சட்டம் வீடுகளுக்கும் வந்தால் என் கதி என்ன என்று எனக்கு வியர்த்தது.

“முட்டி போன ஒரு ஆட்டக்காரனை அவ்ளோ காசு குடுத்து யாரு எடுக்கச் சொன்னா? இனிமே கிளப்பு ரெண்டாம் டிவிஷனுக்கு எறங்க வேண்டியதுதான்.”

“எறங்கட்டுமே. நீங்களா போயி ஆடப்போறீங்க?”

“ரெண்டாம் டிவிஷன் மேட்சு நம்மூரு டிவில வராதுய்யா.”

“வேற கிளப்பப் பாருங்க.”



“பாரிஸ்லேருந்து மவன் போன் பண்றதே மேட்ச் முடிஞ்சாத்தான். ரெண்டு பேருமா சேந்து கோச்சைத் திட்டுவோம். வேற எதப் பேசுவோம் நாங்க?”

என் கை மறுபடி சட்டைப்பைக்குப் போயிற்று. போன் பத்திரமாகத்தான் இருந்தது; அது அடித்துத்தான் நாளாயிற்று.