வெயிலுக்குப் பழக்குதல்

தக்காளி நாற்றை உச்சி வெயிலில் நடவே கூடாது. சாயங்காலம் நட வேண்டும். நட்ட கையோடு தண்ணீர் விட வேண்டும். முதல் நாலு நாளைக்கு ஒரு பழைய துணியால் நிழல் கட்டி, அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை விலக்கி, செடியை வெயிலுக்குப் பழக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. உங்கள் ஜன்னலோரத் தொட்டியில் இருக்கிற செடிக்கு இலை மஞ்சளாகியிருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். போதாமல் இல்லை, கூடிப் போயிருக்கிறது.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் உள்ளே, சொத்தென்று கேட்டால் வெளியே. முப்பது வருஷம் அதே வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ‘தட்டிப்பார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். கதவைத் தட்டிப் பார்ப்பார், நான் கழுவி வைத்த தட்டைத் தட்டிப் பார்ப்பார். என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவர் மேல் வீண்பழி போடுவது பாவம்.

கல்யாணமான முதல் மழைக்காலத்தில், வாசல் முற்றத்துச் சுவரோரமாகக் காசித்தும்பை விதை போட்டேன். பதினாலு செடி வந்தது. முதல் பூ விரிந்த அன்றைக்கு அவர் வேலையிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், நான் நீட்டிய தேநீரை வாங்கித் திண்டில் வைத்தார். பதினாலு செடியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துவைக்கிற கல்மேல் அடுக்கினார். வேர் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தது.

“செடி இருந்தா பூச்சி வரும். பூச்சி வந்தா தவளை வரும். தவளை வந்தா பாம்பு வரும். நான் சொல்றது சரியா, தப்பா?”

“சரிதாங்க.”

“அப்புறம் எதுக்கு?”

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. தேநீர் ஆறியிருந்தது, சூடு பண்ணித் தரச் சொன்னார்.

அடுத்த வருஷம் அவரைக்கொடி. அதற்கடுத்த வருஷம் சாமந்தி. முளைத்த உடனே பிடுங்கியிருந்தால் நானும் இரண்டாவது வருஷமே விட்டுத் தொலைத்திருப்பேன். அவர் மொட்டு விடும்வரை பொறுத்திருப்பார். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் போவார், ஒரு வார்த்தை பேச மாட்டார். இந்த வருஷம் மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைக்க ஆரம்பிக்கிற நாளாகப் பார்த்து, குனிவார். என் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது கேட்டாள், “அப்பா புடுங்கத்தானே போறாரு, நீ ஏம்மா நடுறே?” அதோடு நிறுத்திக்கொண்டேன். நான் நிறுத்தியதும், தொழிற்சாலையில் கழித்த ஓடுகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே முற்றம் முழுக்கப் பதித்துவிட்டார். கோடையில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மகள் நொண்டியாட்டம் ஆடுகிற மாதிரி ஒற்றைக்காலில் தாவித்தான் கேட்டுக்குப் போவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தே இரண்டாம் தடவை வந்ததில் இடது கையும் துவண்டது, ஒரு ஈயை ஓட்டக்கூட ஆகாது. பேச்சு அடியோடு நின்றது. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது மாதம் கடப்பாரையை எடுத்து முதல் ஓட்டைப் பெயர்த்தேன். அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சரிந்துவிடாமல் இடுப்பில் பட்டை மாட்டி, வாசலில் நிறுத்திவிட்டுத்தான் பெயர்த்தேன். ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஓட்டுக்கு அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்புறம் பருவம் தவறாமல் எல்லாம் வந்தது. மழைக்கு அவரையும் வெண்டையும். பனிக்குத் தக்காளி, சாமந்தி. கோடைக்குப் பூசணியைப் படரவிட்டால் மண்ணையே மூடிக்கொள்ளும். சுவரோரம் நட்ட கொய்யா மூன்றாம் வருஷமே ஆள் உட்காருகிற அளவுக்கு நிழல் தந்தது. நடுமுற்றத்து ஓடுகளை மட்டும் விட்டுவைத்தேன், நாற்காலியை உருட்ட வேண்டுமே. காலையில் அவரைக் கொய்யா நிழலில் கொண்டு போய் வைப்பேன். “பாருங்க, எத்தனை பிஞ்சு,” என்பேன். கண் மட்டும் என் கூடவே வரும், வேறு எதுவும் அசையாது. பதினொரு மணிக்கு நிழல் சுருங்கும் முன் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அந்த நாலு வருஷமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். ‘நாங்கள்’ என்றே எழுதுங்கள்.

அடுத்த வீட்டு டீச்சர் மதில்மேல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார், “புருஷனை இப்படித் தாங்குறதுக்கு ஒரு மனசு வேணும். எனக்கெல்லாம் வராதுப்பா.” நான் ஒரு கூடை தக்காளி கொடுத்து அனுப்புவேன்.

போன பனிக்காலத்தில் மகள் தான் இருக்கிற ஊரிலிருந்தபடியே ஒரு பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு செய்தாள். வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டரில் வரும். நல்ல பெண், கலகலவென்று பேசும். அவர் கையைப் பிடித்து மடக்கி நீட்டி, பந்து கொடுத்து அமுக்கச் சொல்லும். எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு வருஷம் கிடந்த கை.

ஆறாவது வாரம், அவரைத் தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பயிற்சி நடந்தது. நான் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். “அம்மா, இங்க பாருங்க, அப்பா புடிச்சிட்டாரு” என்று அந்தப் பெண் கைதட்டியது. திரும்பினேன். இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அதில் ஒரு தக்காளிச் செடி, வேரோடு. முதல் பூ அன்றைக்குத்தான் விட்டிருந்தது.

“பிடிமானம் வந்துடுச்சும்மா. எதைப் புடிச்சா என்ன, இனிமே கிடுகிடுன்னு முன்னேறிடுவாரு.”

நானும் சிரித்தேன். உள்ளே போய் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் போட்டேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு செடி, இரண்டு செடி. நாற்காலியைத் தள்ளி வைத்தால் உடம்பைச் சாய்த்து எட்டுவார். நோயாளி கைக்கு எட்டியது எதுவோ அதைப் பிடிப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னது. ஆனால் பக்கத்திலேயே புல் இருந்தது. புல்லை அவர் தொடவில்லை.

பனி முடிகிற சமயம் பேச்சும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை, “தண்ணி.” மகள் போனில் கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். டாக்டர் வந்து பார்த்தார். “இன்னும் ஒரு வருஷம். கம்பு ஊணி நடப்பாரும்மா. எல்லாம் நீங்க பார்த்துக்கிட்ட விதம்.”

“கை?” என்று கேட்டேன்.

“கை அதுக்கு முன்னாடியே வந்துடும்.”

அன்றைக்குச் சாயங்காலம் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கொய்யா, பூசணிக்கொடி, அவரைப் பந்தல். எதெது எந்த உயரத்தில் இருக்கிறது, நிற்கிற மனுஷனுக்கு எது எட்டும் என்று பார்த்தேன். எல்லாமே எட்டும்.

கோடையில், தங்கைக்குக் கல்யாணம் என்று அந்தப் பெண் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டுப் போனது. டீச்சர் தேர்வுத்தாள் திருத்தப் போய்விடுவார், இருட்டினால்தான் திரும்புவார். இது ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

முதல் நாள் நிழல் சுருங்கிய பிறகு அரை மணி நேரம் அவரை அங்கேயே விட்டேன். மறுநாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் நாற்காலியை நடுமுற்றத்து ஓட்டுக்குத் தள்ளினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளே கூட்டி வந்ததும் முகம் துடைத்து, தண்ணீர் கொடுத்து, மோர் கொடுத்து, மேலுக்கு எண்ணெய் தடவினேன். அவர் தாங்குகிறாரா என்று பார்த்தேன். உண்மையில் நான் தாங்குகிறேனா என்றுதான் பார்த்தேனோ என்று பிற்பாடு தோன்றியது. தாங்கினேன்.

ஒன்பதாம் நாள் பத்தரை மணிக்கு ஓட்டில் கொண்டு போய் நிறுத்தி, பிரேக்கை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். நான் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணெதிரேதான் இருந்தேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு களை பறித்தேன்.

“தண்ணி,” என்றார்.

பூசணிக்குத் தண்ணீர் விட்டேன்.

“தண்ணி.”

அவரைக்கு விட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் சொன்னதை நான் தட்டியதில்லை. தண்ணீர் என்றார், விட்டேன். எந்தச் செடிக்கு என்று அவர் சொல்லவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தேன். மண் குடிக்கிற சத்தம் உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த மண் முதல் தண்ணீர் பட்டதும் ‘ஸ்ஸ்’ என்னும். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு மணிக்கு மேல் குரல் சன்னமாகிவிட்டது. இரண்டு மணிக்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. இரண்டரைக்கு அதுவும் இல்லை.

நாலு மணிக்கு உள்ளே கொண்டு போனேன். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, சலவைச் சட்டை மாட்டி, தலை சீவிவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டேன். “வயசு, இந்த வெயில் வேற. வீட்டுக்குள்ள இருக்கிறவங்களையே கொண்டு போகுது,” என்றார். கையெழுத்துப் போட்டார். டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மகள் வந்தாள், பதினைந்து நாள் இருந்தாள். “நீ அவருக்குச் செஞ்சதுக்கு எத்தனை ஜென்மத்துக்கும் கடன்பட்டிருக்கோம்மா,” என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

யாருக்கும் சந்தேகம் இல்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

முதல் மழைக்கு நாற்று நட்டேன். மறுநாள் காலையில் நாற்காலி நின்ற இடத்தைச் சுற்றி, கை எட்டுகிற தூரத்துக்குள் இருந்த ஆறு நாற்று பிடுங்கிக் கிடந்தது. பெருச்சாளி வேலை என்று பொறி வைத்தேன். எதுவும் விழவில்லை. திரும்ப நட்டேன், திரும்பப் பிடுங்கிக் கிடந்தது. பெருச்சாளி என்றால் கடித்த தடம் இருக்கும். இது வேரெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தது. நாற்காலியை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஓட்டில் இரண்டு சக்கரத் தடம், தேய்த்துக் கழுவினாலும் காய்ந்ததும் தெரியும்.

அப்புறம் குரல். தினமும் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கும். முதலில் தெளிவாக, பிறகு சன்னமாக, இரண்டரைக்கு நிற்கும். நான் பயப்படவில்லை. கேட்கிறார், விடுவோம் என்று குழாயைத் திறந்தேன். நல்ல மழையிலும் கேட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டேன். டீச்சர் மதில்மேலிருந்து, “என்னம்மா, கொட்டுற மழையில எதுக்குத் தண்ணி?” என்றார். “கேக்குறாரே,” என்றேன். அதன்பிறகு அவர் மதில் பக்கம் வருவதில்லை.

இப்போது தோட்டத்தில் ஒன்றும் இல்லை. அத்தனையும் வேர் அழுகிவிட்டது. பூசணி கூழாகிப் போனது. கொய்யா இலையெல்லாம் கொட்டிவிட்டு நிற்கிறது. பிடுங்க ஒரு செடிகூட இல்லை. இருந்தும் குரல் மட்டும் வருகிறது.

நீங்கள் கேட்பது புரிகிறது. அவருக்குத் தாகம் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியாது என்றுதான் சொல்லலாம் என்று வந்தேன். ஆனால் அன்றைக்கு அவர் இன்னொரு வார்த்தையும் சொன்னார். இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு மணி இருக்கும். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரைப் பந்தலில் நின்றேன். அவர் என் பெயரைச் சொன்னார். முப்பத்தாறு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. ‘இந்தா’ என்பார், ‘ஏய்’ என்பார், விருந்தாளிகள் இருந்தால் தொண்டையைச் செருமுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, எழுத்துப் பிசகாமல், முழுப் பெயரையும் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.

நான் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நோயாளி இத்தனை தூரம் கூப்பிடுகிறாரே, போய் என்னவென்று கேட்கக்கூடாதா என்று அந்தப் பெயருக்கு உரியவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.