எழுதாமல் விட்ட ஊர்

எனக்கு ரஷ்ய மொழி நன்றாகவே வரும். சோவியத் காலத்துப் பள்ளியில் பத்து வருடம் படித்தது. மறக்க முயன்றும் மறக்கவில்லை. தலைநகர் தாலினில் எங்கள் உளவுத்துறை அலுவலகத்தில் இந்த வேலையை எனக்குக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

வேலை எளிமையானது. எஸ்தோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. தூதர்களை மாறி மாறி வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் ஒரு ஏற்பாட்டை மட்டும் இரண்டு பக்கமும் விட்டுவைத்திருந்தன. எங்காவது குண்டு வைக்கப்போகிறார்கள் என்று ஒரு பக்கத்துக்குத் தெரிந்தால் மறுபக்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கம் நான், வெய்கோ ரான்ட்மா. அந்தப் பக்கம் அர்காதி ல்வோவிச்.

அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அன்பாகத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எங்கள் நாட்டைத் தம்பி நாடு என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வருடம் ஆண்டவர்கள் அவர்கள். அந்தச் சொல் என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

போன வருடம், தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில் ஏறவிருந்த ஒரு வேனைப் பற்றி அவர்தான் எங்களை எச்சரித்தார். கப்பலில் எண்ணூறு பேர் இருந்தார்கள். நன்றி சொல்ல எல்லை ஊரான நார்வாவில் சந்தித்தோம். இரண்டு தரப்பு அதிகாரிகளுக்கும் முன்னால் என் தோளைத் தட்டினார்.

"என்ன தம்பி, தனிக்குடித்தனம் போயாச்சு. ஆனா வீட்ல பாம்பு பூந்தா அண்ணனைத்தான கூப்பிட வேண்டியிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆட்களும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, நாங்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த தொலைபேசியில் இரண்டு பேர் குண்டு வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். சனிக்கிழமை காலை, ரஷ்ய எல்லைக்குள் இருக்கும் ப்ஸ்கோவ் நகரச் சந்தை, முட்டைக்கோஸ் ஊறுகாய் விற்கும் வரிசை. அவ்வளவு துல்லியமான தகவல் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அன்று மாலையே எச்சரிக்கை அனுப்பினேன்: 'வரும் நாட்களில், உங்கள் வடமேற்குப் பகுதியில், மக்கள் கூடும் இடமொன்றில் தாக்குதல் நடக்கலாம்.' விதிப்படி அது போதும்.

பக்கத்து மேசை லீவி நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க குறிப்புல ப்ஸ்கோவ் சந்தைன்னு இருக்கே சார், ஏன் விட்டுட்டீங்க?"

"அவ்வளவு விவரமா எழுதினா, நமக்குச் சொன்னது யாருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. அந்த ஆளோட உயிர் போயிரும்."

தகவல் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அர்காதி கூப்பிட்டார். எண்ணைப் பார்த்தேன், எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு மறுபடி. அப்போதும் எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு எடுத்தேன்.

"வெய்கோ, எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. கையில இருக்கற ஆளுங்கள வெச்சு நான் எத்தனை ஊரைப் பாக்கறது?"

"எழுத்து மூலமா கேளுங்க, அர்காதி ல்வோவிச். அதுதான் முறை."

"முறை எனக்கும் தெரியும். நேரம் இல்லப்பா."

"எழுதி அனுப்புங்க."

"தயவு செஞ்சு சொல்லுங்க," என்றார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் என்னை 'நீங்க' என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன்.

எழுத்து மூலமான கோரிக்கை நாலு மணிக்கு முன்பே வந்தது. ஊரையும் சந்தையையும் குறிப்பிட்டுப் பதிலும் தயாரித்தேன். இயக்குநரின் கையெழுத்து வேண்டும். அவர் ஐந்து மணிவரை அறையில்தான் இருந்தார். நான் அதைத் திங்கட்கிழமைக் கோப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை இருபத்து மூன்று பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காய் வாங்க வந்த பெண்கள்.

அலுவலக விசாரணையிலும் லீவியிடம் சொன்னதையே சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் என் நிதானத்தைப் பாராட்டக்கூடச் செய்தார்.

மே மாதம் அர்காதியிடமிருந்து ஒரு தகவல் வந்தது. தாலினில் ஒரு தெரு, வீட்டு எண், மூன்றாவது மாடி, குண்டு இருக்கும் பையின் நிறம் உட்பட. நாங்கள் எதுவும் கேட்டிருக்கவில்லை. தகவல் சொன்ன அவருடைய ஆள் யார் என்று நான் ஊகித்துவிடும் அளவுக்கு விவரம் இருந்தது. அது தெரிந்தேதான் அனுப்பியிருந்தார். அரை மணி நேரத்தில் இரண்டு பேரைப் பிடித்தோம். இங்கே யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லீவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அரசு வழக்கறிஞரான உங்களிடம் வந்தேன்.

நான் காப்பாற்றியதாகச் சொன்ன ஆள் என்று ஒருவரும் இல்லை. அர்காதி ஒரே ஒரு முறை கெஞ்சட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று காத்திருந்ததாகத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவர் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே கெஞ்சிவிட்டார்.