இரண்டையும் சமாளித்த விதம்

எனக்கு நேரம் வீணாவது பிடிக்காது. பிசியோதெரபி இறுதியாண்டும் ஜூடோவும் ஒன்றாகத் தலையில் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் அலைகிறவளைப் பார்த்துத் தெருவில் எல்லாரும் கேட்பார்கள், "ஏளா எமில்டா, ரெண்டையும் எப்படித்தான் சமாளிக்கியோ?" முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிச் சொல்லிக்கொடு என்று கல்லூரியில் என்னை மேடையேற்றினார்கள். முதல்வர் ஐயா, நீங்கள்தான் சால்வை போட்டீர்கள். அன்று நான் பேசியது அரைகுறை. என் புராஜெக்ட்டைப் பார்க்கும் டயானா மேடமும் ஜூடோ சொல்லித்தரும் சிவபாலன் மாஸ்டரும் பக்கத்தில் இருக்கும்போதே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மாநில செலக்ஷனும் புராஜெக்ட்டும் ஒரே பருவத்தில் வந்தன. "காலையில பயிற்சிக்கு வரலன்னா செலக்ஷன மறந்துரு" என்றார் மாஸ்டர். "கேஸ் இல்லாம என்கிட்ட வராத" என்றார் மேடம். இரண்டும் நியாயம்தான். எமில்டா ஒருத்திதான் இருக்கிறாள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்படவும் நேரம் இல்லை.

முதுகுவலி என்று மேடமிடம் தலைப்புக் கொண்டுபோனேன். முதுகுவலியை எல்லாரும் செய்துவிட்டார்களாம். முழங்கால் மூட்டைப் பிடித்திருக்கும் லிகமென்ட் அறுந்த கேஸ் வேண்டும், அதுவும் புதிதாக அறுந்தது. நம் பக்கத்தில் கால் பிசகினால் முதலில் எண்ணெய்க் கட்டு, பிறகு பக்கத்து வீட்டு யோசனை, கால் பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் நம்மிடம் வருவார்கள். இதைச் சொன்னபோது, மேடம், நீங்கள் சிரித்தீர்கள். "அடிபடறதுக்கு முந்தின அளவும் இருந்தா எப்படி இருக்கும்! அது யாருக்குக் கிடைக்கும்?" என்றீர்கள். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் நல்ல மாணவி, கேட்டதைக் கொண்டுவருவேன்.

ஜெயபிரியா மாஸ்டரிடம் என்னோடு பயின்றவள், என் எடைப் பிரிவு. ஆத்தூர்க்காரி, அவள் அப்பாவுக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். எந்தப் போட்டிக்குப் போனாலும் தங்கம் அவளுக்கு, வெள்ளி எனக்கு. மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை என்று அவள் வீடே காத்திருந்தது. எனக்குப் போலீஸ் வேலையில் ஆசை இல்லை. காக்கி எனக்கு எடுக்காது. அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பழகிப் பார்க்கிறேன் என்று சொல்லி அவள் முழங்காலை அளந்தேன். நாடா வைத்துச் சுற்றளவு, மடக்கி நீட்டும் கோணம், தசையின் வலு. பேன்ட்டைச் சுருட்டிவிட்டு அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "எதுக்குளா என் காலப் போயி அளக்க? பேன்ட்டு தைச்சுத் தரப்போறியா?" என்றாள். நானும் சிரித்தேன்.

எந்த லிகமென்ட் எந்தப் பக்கம் அழுத்தினால் அறும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். எப்படி விழுந்தால் அது நடக்கும் என்பதை, "இப்படி மட்டும் விழுந்துராதீங்க" என்று மாஸ்டர் பொறுமையாகச் செய்தே காட்டியிருந்தார். படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். அடுத்த வாரப் பயிற்சியில் அவள் பாதம் ஊன்றி நின்ற நேரம் பார்த்து நான் அவள் முழங்கால் மேல் பக்கவாட்டில் விழுந்தேன். டப்பென்று ஒரு சத்தம். மாஸ்டர் ஐஸ் எடுக்க ஓடினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மேடம் முதல் நிமிடத்திலிருந்தே விவரம் கேட்பார்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். பஸ் பிடித்து ஆத்தூருக்குப் போய்க் காலைத் தூக்கச் சொல்வேன், மடக்கச் சொல்வேன், அழுதால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் மடக்கச் சொல்வேன். இடையில் செலக்ஷன் வந்தது. அவள் இல்லாததால் தங்கம் எனக்கு. பதக்கத்தை நேராக அவள் வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அவள் அம்மா இசக்கித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா" என்று அழுதார். ஒரு கட்டு வெற்றிலையும் கொடுத்துவிட்டார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அப்பாதான் ஒரு வாரம் ரசித்துப் போட்டார்.

"எமி, அடுத்த வருசம் ஜூடோவுல எறங்கிருவேன்லா?" என்று ஜெயபிரியா தினமும் கேட்பாள். "எறங்கிருவ" என்பேன். நடக்கலாம், மாடி ஏறலாம், இனி ஜூடோ கூடாது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அவளிடம் நான் சொல்லவில்லை. மனம் விட்டுப்போனால் பயிற்சியைச் சரியாகச் செய்ய மாட்டாள், என் அளவுகள் கெட்டுப்போகும்.

புராஜெக்ட்டின் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பரிசோதகர் என்னைப் பாராட்டினார். மேடம், நீங்கள் மட்டும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "முன்னாடியே அளந்த, சரி. வலது காலை மட்டும் ஏன் அளந்த? முதலாண்டுப் பிள்ளையே ரெண்டு காலையும் அளந்து ஒப்பிடுமே." அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அளந்த அன்று மாலை எனக்கு வகுப்பு இருந்தது. அறுக்கப்போவது வலதுகால் என்று முடிவான பிறகு இடது காலோடு எனக்கு என்ன வேலை?

வெளியே பெஞ்சில் ஜெயபிரியாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். என்மேல் வந்த புகாரை நீங்கள் விசாரிப்பதால் எனக்காகப் பேச வந்திருக்கிறார்கள். வரும்போது அவள் என் காதில் சொன்னாள், "பயப்படாதளா, பொறாமையில எவனோ சொல்லுதான்." கம்பை ஊன்றி மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். முழங்கால் மடங்கிய அழகைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்களை உள்ளே கூப்பிடுங்கள், நானே சொல்லிவிடுகிறேன். என் பக்கம் பிசகு நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு காலையும் அளந்திருக்க வேண்டும்.