பூந்திக்கொட்டைத் தண்ணீர்

இந்தக் கதிரையில் தூசி இருக்கிறது. பரவாயில்லை, கைலேஞ்சியை விரித்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆண்கள் மட்டும் வேலை பார்க்கும் பொலிஸ் கந்தோர்களில் தூசியை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

என் பெயர் திரேசம்மா. கொட்டாஞ்சேனையில் வழக்குப் பேசும் பிரக்கிறாசி கிளறன்ஸ் என் தம்பி. அவன் மனைவி றோஸியின் கொலை வழக்கைப் பற்றிக் கொழும்பே கதைக்கிறது. எங்கள் வேலைக்காரன் இராமருக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் மரணதண்டனை விதித்துவிட்டார்கள். தேசாதிபதிக்கு அனுப்பிய கருணை மனுவுக்குப் பதில் வரும்வரை அவன் வெலிக்கடைச் சிறையில் இருக்கிறான். அவனுடைய தகரப்பெட்டியில் றோஸியின் தாலிக்கொடி அகப்பட்டதுதான் அவனுக்கு எதிரான பெரிய சாட்சி. கொலை நடந்த அன்று பொலிசார் அந்தப் பெட்டியைக் கிளறியபோது கொடி இல்லை. அடக்கம் முடிந்தபின் மறுபடி கிளறியபோது இருந்தது. அதுவும் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல மினுங்கியது.

மண்டையை உடைத்துப் பறித்த நகையில் ஒரு பொட்டு இரத்தம் இருக்காதா என்று பத்திரிகைகள் கேட்டன. பொலிஸ்தான் கொண்டுபோய் வைத்தது என்று சனங்கள் முடிவுகட்டினார்கள். பெட்டியைத் திறந்த சார்ஜன் நிலாம் தெருவில் இறங்க முடியாமல் போயிற்று. எங்கள் வாசலிலேயே மீன்காரன் அவரை மறித்ததை நான் யன்னலால் பார்த்தேன்.

"சார்ஜன், என்ட பொஞ்சாதிட காப்பு கறுத்துப் போச்சு. உங்கட ஸ்டேசன்ல குடுத்தா மினுக்கித் தருவீங்களோ?"

"போடா அங்கால. உன்ட மீனை முதல்ல மினுக்கு, நாறுது," என்றார் நிலாம். ஆனால் அவர் முகம் செத்துப்போயிருந்தது. பிறகு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவர் நல்ல மனிதர். வீட்டுக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றுவார். ஆகவே அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடியை அவர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். "அந்தப் பெட்டியை இன்னொருக்கால் வடிவாப் பாருங்கோ," என்று அவரிடம் சொன்னதும் நான்தான். "சரி நோனா, பாப்பம்," என்று அவர் கேட்டுக்கொண்டார்.

ஊர் சந்தேகப்பட்டது சரி. ஆளைத்தான் பிழையாகப் பிடித்துவிட்டது. அத்தனை சட்டத்தரணிகளும் ஜூரிமாரும் அந்தக் கொடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவராவது ஒரு நகையைத் தானே கழுவியவரில்லை. கொடியின் கண்ணிகளுக்குள் இரத்தம் காய்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? தாலியிலுள்ள புறாச் சின்னத்தின் செட்டைகளுக்கிடையில் கறுப்புக் களிபோல அப்பியிருந்தது. ஒரு தலைமயிரும் சுற்றியிருந்தது. அதை அப்படியே ஒரு பெட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் தண்ணீரைச் சுடவைக்கவில்லை. நகையில் அழுக்கெடுக்கும் பூந்திக்கொட்டையைப் பச்சைத் தண்ணீரிலேயே ஊறவைத்து, கொடியைப் போட்டு, என் அறைக் கட்டிலின் கீழ் வைத்தேன். முதல்நாள் பொலிசார் வந்தபோது அது அங்கேதான் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். அப்படியே அழுக்காக வைத்திருந்தால் ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அது என்னால் முடியாத காரியம்.

இராமரின் பெட்டியைத் திறந்ததும் பெரிய சோதனையாகத்தான் இருந்தது. பீடி மணம், நல்லெண்ணெய் மணம், தோய்க்காத இடுப்புச் சாரம். அடியில் ஒரு சின்னச் சட்டை. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அவன் பிள்ளையுடையது. பால் புளித்து நாறியது. அகப்பைக் காம்பால் அதை ஒதுக்கிவிட்டுக் கொடியை வைத்தேன்.

தம்பியைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவனைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் அவன் நீதிமன்றத்தில் ஒரு காணி வழக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

றோஸி கெட்ட பெண் இல்லை. பெரிய கோயிலில் பாடுவாள், எல்லோரோடும் சிரிப்பாள். ஆனால் துப்புரவு இல்லாதவள். சீப்பில் மயிரைச் சுருட்டி வைத்திருப்பாள். படுக்கையில் இருந்து மாம்பழம் தின்பாள். தம்பி அவள் கடித்த பாதியை வாங்கித் தின்பான். என் கையால் சோறு குழைத்து ஊட்டி வளர்த்த பிள்ளை, இன்னொருத்தியின் எச்சிலைத் தின்றான். நான் அவர்களுடைய தட்டுகளை வேறாகக் கழுவினேன்.

பிறகு அவள் பிள்ளைத்தாச்சியானாள். அதோடு வாந்தி தொடங்கியது. குசினி வாசலில், குளியலறையில், ஒருநாள் நான் பூப்போட்டுத் தைத்த மேசைவிரிப்பில். வீடு முழுக்க அந்தப் புளித்த மணம். இராமர் வாளியும் கையுமாகப் பின்னால் திரிவான்.

"உனக்கு அருவருப்பு இல்லையோடா?" என்று கேட்டேன்.

"புள்ளத்தாச்சி வாந்திதானேம்மா. அதுல என்னா அருவருப்பு? எங்க வீட்டுக்காரிக்கும் நான்தான் அள்ளுனேன்," என்றான். அவனுக்கு அது பெருமை.

கொலை நடந்த அன்று மத்தியானம் இராமர் பின்பக்கத்துத் தன் கொட்டிலில் படுத்திருந்தான். நான் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தேன். றோஸி வந்து என் பக்கத்திலேயே குந்தினாள்.

"மச்சாள், அந்தச் சம்பல்ல துளி தாங்கோவன். வாயெல்லாம் கசக்குது."

கேட்டுக்கொண்டே விரலால் அம்மியிலிருந்து வழித்து நக்கினாள். நக்கிய விரலை மறுபடி அம்மியில் வைத்தாள். பிறகு குமட்டிக்கொண்டு கழிவுநீர்க் கானோரம் ஓடிக் குனிந்தாள். கொஞ்சம் அம்மியிலும் பட்டுவிட்டது. நிமிர்ந்து வாயைத் துடைத்தபடி சிரித்தாள்.

"உங்கட மருமகன் இப்பவே அடம் பிடிக்கிறான், மச்சாள். பிறந்தாப் பிறகு நீங்கள்தான் அடக்கோணும்."

அவள் மறுபடி குனிந்தபோது குழவி என் கையில்தான் இருந்தது. ஒரே அடி. அவளுக்கு நோகவில்லை என்றுதான் நினைக்கிறேன். திருடன் வேலைபோல இருக்கட்டும் என்று கொடியைக் கழற்றினேன். குழவியைக் கழுவினேன், அம்மியைக் கழுவினேன், கானுக்கு மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். சம்பலை வீசவேண்டியிருந்தது.

அத்தோடு வீடு பழையபடி ஆகும் என்று நம்பினேன். ஆகவில்லை. பத்திரிகைகளை வாசித்து வாசித்துத் தம்பிக்கும் சந்தேகம் பிடித்தது.

"அக்கா, பொலிஸ் வைச்ச கொடிக்காக ஒரு மனுசனைத் தூக்க விடமாட்டன். றோஸி அவனைத் தன்ர சகோதரம்போல வைச்சிருந்தவள்," என்றான்.

மனுவை எழுதியவனும் அவன்தான். அதோடு விட்டிருக்கலாம். இராமரின் பெண்சாதி இராமலெட்சுமியையும் பிள்ளையையும் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து றோஸியின் அறையிலேயே இருத்தினான். புருசனைப் போய்ப் பார்க்க வசதியாம். பிள்ளை கண்ட இடமெல்லாம் மூத்திரம் பெய்கிறது. அவள் கையாலேயே துடைத்துவிட்டு, அந்தக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "பெரியம்மா, நீங்க சாப்புடவே இல்லையே, போட்டுத் தரவா?" என்று கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை தம்பியின் தோளில் பால் கக்கியது. வெள்ளைச் சேட்டில் வழிந்தது. அவன் சிரித்தான். றோஸி போனபிறகு அவன் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சேட்டைக்கூட மாற்றாமல் இரவுவரை அதோடு திரிந்தான்.

"இதுகள் எப்ப போகுங்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"இராமரை விட்டா அவனோட போவினம். தூக்கினா, இதுதான் இவையின்ர வீடு, அக்கா. பிள்ளையை நான்தான் வளர்ப்பன்."

நான் இரண்டு பக்கமும் யோசித்தேன். இராமரைத் தூக்கினால் அந்த நாற்றம் என் காலம் முழுக்க வீட்டில் இருக்கும். விட்டால் எல்லாம் தோட்டத்துக்குப் போய்விடும். வேறொரு வழியும் மனதில் வந்தது. அம்மியும் குழவியும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு பேர் என்றால் கழுவி முடியாது.

ஆகவே வந்திருக்கிறேன். இராமர் குற்றமற்றவன், அவனை விட்டுவிடுங்கள். நிலாமுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். இன்று காலை தம்பியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையை வாங்காமல், பிள்ளையையும் இராமலெட்சுமியையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், வாசல் படலையை வெளிப்பக்கமாகக் கொளுவிவிட்டான். நான் கையை வெளியே விட்டுக் கொளுக்கியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலும் அப்படித்தான். கோபம் வந்தால் போவான், பசி வந்தால் வருவான்.

எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று காட்டுங்கள். இன்று வெள்ளிக்கிழமை. அவன் வருவதற்குள் பாரை மீன் வாங்கிக் குழம்பு வைக்கவேண்டும்.