டாக்டரிடம் போகும் பட்டுச்சேலை

“மனநல டாக்டரைப் பார்த்துட்டு வர்றதுக்கு எதுக்கு அம்மணி பட்டுச்சேலை?”

ஊட்டியிலிருந்து இத்தலார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்தில் நீலப் பட்டு உடுத்தியிருந்த இளம்பெண் தாழ்த்தவில்லை.

“முந்தியெல்லாம் முந்தானையில மூஞ்சியை மூடிட்டு ஒளிஞ்சுதாங்க போனேன். திருடப் போற மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட போன்ல சொன்னேன்.”

“பார்டர்ல நிக்கறவருகிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?”

“சொன்னேனுங்க. தூக்கமில்லாம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கறதையும் சொன்னேன். ‘நான் டூட்டிக்குப் போறப்ப சட்டைக்கு இஸ்திரி போட்டு, பூட்ஸைப் பளபளன்னு தேய்ச்சுட்டுப் போறேன். நீ எதுக்குடி ஒளிஞ்சு போறே?’ன்னாரு. அதான் கல்யாணப் பட்டையே கட்டிட்டேன். இப்பத் தூக்கமும் வருதுங்க.”

முத்தோரை பாலாடா தாண்டும்வரை பெரியம்மா கேரட் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“எம் பையன் லீவு முடிஞ்சு பட்டாளத்துக்குத் திரும்பினதுல இருந்து மருமக சரியாச் சாப்பிடறதில்ல, அம்மணி. அடுத்தவாட்டி போறப்ப ஒரு குரல் குடு. அவகிட்டயும் மாம்பழக் கலர்ல ஒரு பட்டு இருக்குது.”